திரை எந்தப் பக்கம் பார்க்கிறது

எங்கள் ஊர் சிவன் கோயில் சோமாஸ்கந்தர் இப்போது ஊரில் இல்லை. திருவாரூரில் இருக்கிறார். தியாகராஜர் கோயில் வளாகத்துக்குள் இருக்கும் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில், சுற்றுவட்டாரச் சிறு கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட திருமேனிகளோடு அவரும் ஒருவர். திருவிழாவுக்கு ரசீது போட்டு எடுத்து வருவோம், போலீஸ்காரர் கூடவே வருவார், முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். ஊர்ப் பேச்சில் இதற்கு 'சாமி ஜெயில்ல இருக்கு' என்று பெயர். இந்தச் சொல்லாட்சியில் கேலி குறைவு, வருத்தம் அதிகம்.

சாமியைத் திரும்பக் கேட்டு மனு எழுதினோம். கதவு, பூட்டு, அலாரம், காமிரா, அதைப் பார்க்க ஆள், ஆள் பார்க்கத் திரை - இவ்வளவும் இருந்தால் பரிசீலிக்கலாம் என்றார் ஒரு அதிகாரி. கேட்டது நியாயம்தான். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு கோயில்களையும் சிலைகளையும் காக்க 75 உத்தரவுகள் பிறப்பித்தது. பாதுகாப்பு அறைகளும் வீடியோ கண்காணிப்பும் அவற்றில் அடக்கம். ஆக, சாமி வீடு திரும்ப வேண்டுமென்றால் ஊர் முதலில் தன்னைத்தானே பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எம்.ஏ. தமிழ் படித்தவன், கட்டுரை கிட்டுரை எழுதுகிறவன் என்பதால் கொட்டேஷன் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கோட்பாட்டைப் புத்தகத்தில் படித்தவனுக்கு ஒயரும் ஆணியுமாக அது எதிரே வந்து நின்ற கதை இது. பல திரைகள் வைத்துப் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இதில் கொஞ்சம் சரக்கு உண்டு.

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம். காமிரா பார்க்கிறது. பார்த்ததை ஒயர் வழியாக ஒரு பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க். அதில் பதிவு ஓடுகிறது. திரை என்பது பெட்டியின் ஒரு ஜன்னல் மட்டுமே. டி.வி.யை அணைத்துவிட்டால் காமிரா நின்றுவிடும் என்று எங்கள் கமிட்டியில் பாதிப்பேர் நம்பினார்கள். 'கரண்ட் மிச்சம்' என்று ஒருவர் டி.வி.யோடு பெட்டியையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போன கதையும் நடந்தது. பார்ப்பது வேறு, பதிவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பெட்டியின் முதுகில் இரண்டு வாய் இருக்கும். ஒன்று எச்.டி.எம்.ஐ., இன்னொன்று வி.ஜி.ஏ. இரண்டிலும் ஒவ்வொரு டி.வி.யை மாட்டினால் இரண்டு திரை ஆயிற்று. ஆனால் சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே படத்தைத்தான் காட்டும். ஒன்றில் உண்டியலைப் பெரிதாக்கினால் மற்றதிலும் உண்டியலே பெரிதாகும். ஸ்பிளிட்டர் என்று முன்னூறு நானூறு ரூபாய்க்கு விற்கிற கருவியும் இதையேதான் செய்யும், ஒரு படத்தை இரண்டாகவோ நான்காகவோ பிரதியெடுக்கும். திரைக்குத் திரை வேறு வேறு காட்சி வேண்டுமென்றால் தனித்தனி வெளியீடு உள்ள பெட்டி வாங்க வேண்டும், விலை கூடும். அல்லது பெட்டியை நெட்வொர்க்கில் இணைத்து ஒரு கம்ப்யூட்டரில் அதற்கான மென்பொருளை ஓட்டி, கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு மானிட்டர் எடுக்கலாம். மூன்றாவது வழி எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. செல்போனும் ஒரு திரைதான். அதுதான் எங்களுக்கு வினையாக வந்தது, பிறகு சொல்கிறேன்.

தூரம் ஒரு பிரச்சினை. பெட்டி அலுவலக அறையில், இரண்டாவது திரை கோபுர வாசலில், நடுவில் அறுபது மீட்டர். எச்.டி.எம்.ஐ. ஒயர் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் போனால் படம் மினுக்கும், அல்லது வரவே வராது. அதற்கு எக்ஸ்டெண்டர் என்று ஒரு ஜோடிப் பெட்டி உண்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் கேட்-6 ஒயர். எங்கள் பக்கத்து ஐப்பசி கார்த்திகை மழையில் ஒயரைவிட மோசமாகக் கெடுவது ஒயரின் மூட்டுகள். மூட்டெல்லாம் மூடிய பெட்டிக்குள், தரையிலிருந்து உயரத்தில், ஒயர் கீழிருந்து மேலாக நுழைகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். இரவில் காமிராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், மறுநாள் திரையில் வலை மட்டும் தெரியும். மாதம் ஒரு தரம் ஒட்டடைக் குச்சி போடுவதைப் பராமரிப்புச் செலவில் யாரும் எழுதுவதில்லை.

இனி கட்டங்கள். எட்டு காமிரா. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்தோம். சாதாரண டி.வி.யின் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. ஒன்பதாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 640க்கு 360. காமிரா பார்த்ததோ இருபது லட்சம் புள்ளிகள், கட்டத்தில் தெரிவது இரண்டே கால் லட்சம் சொச்சம். பெட்டியும் தந்திரமாக, கட்டங்களில் காட்டும்போது ஒரு மெலிந்த பிரதியை ஓடவிடும். ஒரு கட்டத்தைத் தட்டி முழுத்திரையாக்கினால்தான் முழுப்படம் வரும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் விழுந்தால் முன்பின் தெரியாத ஆளையும் அடையாளம் சொல்லலாம். 125 இருந்தால் தெரிந்த ஆளைத் தெரியும். 25 இருந்தால் யாரோ ஒரு மனித உருவம் போகிறது, அவ்வளவுதான். எங்கள் கிழக்குக் கோபுரக் காமிரா பிடிக்கும் வீதியின் அகலம் சுமார் 12 மீட்டர். பதிவில் மீட்டருக்கு 160 புள்ளி, ஊர்க்காரனென்றால் கண்டுபிடித்துவிடலாம். ஒன்பது கட்டத் திரையிலோ 53. அதில் எல்லோரும் உருவங்கள். ஊருக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால், முகம் தெரியாத அந்த உருவத்துக்கு நடையை வைத்து ஒரு பெயர் சூட்டுகிறோம். அந்தப் பெயர் திரையிலிருந்து வருவதில்லை, நம்மிடமிருந்து வருகிறது. கட்டங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பார்வை குறைகிறது, கதை கூடுகிறது. பிரதியில் உள்ள இடைவெளியை வாசகன் நிரப்புகிறான் என்று வகுப்பில் சொல்வார்களே, அதைச் செய்துகாட்ட இதைவிட நல்ல கருவி இல்லை.

பார்க்கிறவன் கண் எவ்வளவு நேரம் தாங்கும்? நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ராடார் பார்க்கிறவர்களை மனத்தில் வைத்து 1948இல் சோதனை முடிவுகளை வெளியிட்டார். ஒரு முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எப்போதாவது அது இரண்டு அடி சேர்த்துத் தாண்டும், அதைச் சொல்ல வேண்டும். அரைமணி நேரத்திலேயே தவறுகள் பெருகின. பள்ளிப் பாதுகாப்புக்காக அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் 1999இல் வெளியிட்ட கையேடு இன்னும் கறாராகச் சொன்னது: திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவரின் கவனம் இருபது நிமிடத்தில் ஏற்கத்தகாத அளவுக்குச் சரிந்துவிடும். எங்கள் மெய்க்காவல் பெரியவர் இதை ஆராய்ச்சி இல்லாமலே சொன்னார்: 'அத பாத்துக்கிட்டே இருந்தா தூக்கம் வருது தம்பி. நடந்து சுத்துனா வரதில்ல.'

அதனால்தான் கட்டுப்பாட்டு அறைகளில் ஒரு முறை உண்டு. இரண்டாவது திரையைக் கறுப்பாகவே வைத்துவிடுவது. அசைவு உணரப்பட்டால் மட்டும் அந்தக் காமிரா முழுத்திரையில் எழும்பும், மணியடிக்கும். சும்மா இருக்கிற திரை திடீரென்று ஒளிர்ந்தால் எவனும் திரும்பிப் பார்ப்பான். எங்கள் கோயிலில் வௌவாலுக்கெல்லாம் மணியடித்தது உண்மை. பிராகாரத்து அசைவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு உற்சவர் அறைக்கும் உண்டியலுக்கும் மட்டும் வைத்த பிறகு அடங்கியது. எல்லாவற்றையும் எப்போதும் காட்டும் திரையைவிட இது மேல் என்று நினைக்கிறேன். தியாகராஜரின் உடம்பு எப்போதும் மூடியே இருக்கிற ஊர் இது. முகம் மட்டும் தெரியும், பாதத்தைக் காண மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காத்திருக்க வேண்டும். பார்வையைச் சிக்கனமாக வைத்தால்தான் பார்ப்பது நிகழ்கிறது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை.

இதுவரை எந்திரம். இனிமேல்தான் தகராறு.

மூன்று திரை முடிவாயிற்று. ஒன்று அலுவலகத்தில், ஒன்று மெய்க்காவல் அறையில், மூன்றாவது கமிட்டித் தலைவரின் செல்போனில். அவர் பழைய மிராசு குடும்பம். ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். காலனித் தெருப் பையன்கள் இரண்டு பேரை நிறுத்தி, 'ராத்திரி பதினோரு மணிக்கு மதகு மேல என்னடா வேலை?' என்று கேட்டிருக்கிறார். மதகு கோயிலுக்குச் சொந்தமானதில்லை. கோபுரக் காமிராவின் மூலையில் அது விழுகிறது, அவ்வளவுதான். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் இவர் தாத்தாவின் காரியக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்வி அது. திண்ணை போய்விட்டது, கேள்வி செல்போனுக்குள் குடியேறிவிட்டது.

அதே வாரம் எனக்கு அத்தை முறை வேண்டிய ஒருத்தர் வந்தார். குளக்கரைக் காமிராவில் படித்துறை விழுகிறது, அலுவலகத்தில் போகிறவன் வருகிறவனெல்லாம் டி.வி. பார்க்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'சாமியக் கொண்டாரதுக்கு நாங்க குளிக்கிறத ஏண்டா படம் புடிக்கிறீங்க?' என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு மாதமாக நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், படித்துறை எனக்கும் தெரிந்தது. அது ஒரு தவறு என்று தோன்றவே இல்லை. சிலைத் திருட்டு பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தவனின் கண்ணுக்குப் பெண்கள் பின்னணியாகிவிட்டார்கள்.

கண்காணி என்பது நம் சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கிறவனுக்கு அந்தப் பெயர் வருகிறது. திருமூலர் அதைக் கடவுளுக்கே வைத்தார். பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அதுவே கங்காணியாகிக் கூலியாட்களின் கணக்குப் புத்தகத்தையும் கடனையும் பிடித்துக்கொண்டது, ஆங்கிலமும் அந்தச் சொல்லைக் கடன் வாங்கியது. அதிகாரி, கடவுள், ஆள்பிடிக்கிறவன் - மூவருக்கும் ஒரே சொல் பொருந்துகிறதே என்றால், மூவருக்கும் பொதுவானது பார்வை ஒருவழிப் பாதையாக இருப்பதுதான்.

பூக்கோவைப் படித்தவர்களுக்குப் பெந்தாமின் சிறைக்கூடம் தெரியும். வட்டமாக அறைகள், நடுவில் கோபுரம், கோபுரத்தில் இருப்பவன் எல்லோரையும் பார்க்கலாம், அவனை யாரும் பார்க்க முடியாது, அவன் இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது. பூக்கோவின் நூல் 1975இல் வந்தது, நம் சிறுபத்திரிகைகளில் அந்தக் கோபுரம் வராத இதழ் குறைவு. ஆனால் பெந்தாம் 1791இல் அச்சிட்ட திட்டத்தில் இன்னொரு பாதியும் உண்டு, அதை நாம் அதிகம் பேசியதில்லை. அந்தக் கோபுரத்துக்குள் பொதுமக்கள் வந்து போகலாம், மேற்பார்வையாளன் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறானா என்று பார்க்கலாம் என்கிறார். பூக்கோவும் இதைக் குறிப்பிடத் தவறவில்லை. இந்தப் பாதி காகிதத்திலேயே தங்கிவிடுகிறது. கட்டுகிறவர்கள் எப்போதும் முதல் பாதியைத்தான் கட்டுகிறார்கள்.

இதன் மறுதலையைத் திருவாரூர் கதையாகவே வைத்திருக்கிறது. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி. அரசன் குடிகளைப் பார்ப்பதற்கான கருவியில்லை அது. குடி, அதுவும் ஒரு மாடு, தனக்குத் தேவைப்படும்போது அரசனைத் திரும்பிப் பார்க்க வைக்கிற கருவி. தியாகராஜர் கோயில் அருகே கல்தேர் இன்னும் நிற்கிறது. நியாயத்தின் பெயரால் ஒரு பிள்ளையைக் கொல்லும் கதை என்ற வகையில் அதில் எனக்கு உடன்பாடில்லை. மணியின் கயிறு தெருப்பக்கம் தொங்குகிறது என்கிற அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதே ஊரின் தண்டியடிகள் பார்வையில்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளம் தோண்டினார், ஏளனம் செய்தவர்கள் பார்வையிழந்தார்கள் என்கிறது புராணம். அவர்கள் சமணர்கள் என்று அது சொல்வதன் அரசியல் வேறு கட்டுரைக்கானது. சுந்தரருக்கும் ஒரு கண் காஞ்சியில், இன்னொரு கண் ஆரூரில்தான் கிடைத்தது. கண்ணைப் பற்றி இவ்வளவு கதை சொன்ன ஊரில் நாங்கள் எட்டு காமிராவை வைத்துக்கொண்டு திணறினோம்.

திரை யார் கையில் என்பதைப் போலவே நினைவு யார் கையில் என்பதும் கேள்வி. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் இதைச் சொன்னார்: நிலையத்தில் காமிராக்கள் இருந்தன, ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தது, ஆனால் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. காமிரா பழுதாகவில்லை. மறக்கும்படி பழக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், தாழ்வாரம் உட்பட காமிரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காமிரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிகாபைட். எட்டுக்கு 170 சொச்சம். 2 டெராபைட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பும், பிறகு பழசின் மேலேயே புதுசு எழுதும். புது வகைச் சுருக்க முறையில் ஏறக்குறைய இருமடங்கு நாள் கிடைக்கும். நாலாவது டி.வி.க்கு ஒதுக்கிய காசைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றச் சொன்னேன். டி.வி. கண்ணுக்குத் தெரியும், டிஸ்க் தெரியாது. உபயம் என்று பெயர் எழுத டிஸ்க்கில் இடம் ஏது?

காணாமல் போன சாமிகள் திரும்பி வந்த வரலாற்றைப் பார்த்தாலும் நேரடித் திரைக்கு அதில் பங்கில்லை. குடவாசல் பக்கத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிளம்பிய நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போனார், 1982இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. அங்கே நடந்த வழக்கில் இடிந்து கிடந்த ஒரு கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள நபராக ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1988இல் தீர்ப்பு, மேல்முறையீடு முடிந்து 1991இல் திரும்பினார். பத்தூருக்குப் போகவில்லை, திருவாரூர் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டிக் கிடந்தது. 2006இல் நடராஜர் களவு போனது 2008 வரை ஊருக்கே தெரியாது. அதற்குள் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரை ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அவர் ஸ்ரீபுரந்தான்காரர்தான் என்று சொன்னது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் 1994இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம். 1956இலிருந்து அவர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்து, எண் போட்டு, அட்டையில் எழுதி வைத்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயிரம் மணிநேர வீடியோ செய்யாததை ஒரு நல்ல படமும் ஒழுங்கான குறிப்பும் செய்தன. ஆகவே காமிரா வைக்கிற எந்தக் கோயிலும் முதலில் தன் திருமேனிகளை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும், உயரம், பீடத்தின் எழுத்து, உடைசல், கீறல் சகிதம் படமெடுத்து இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. செலவு அநேகமாக இல்லை.

கமிட்டிக் கூட்டம் மூன்று மணிநேரம் ஓடியது. காமிராக் கடையிலிருந்து வந்த பையனுக்குத்தான் பொறுமை அதிகம். 'குளத்த மறைக்கணும்னா காமிராவக் கழட்ட வேணாம் சார். செட்டிங்ல பிரைவசி மாஸ்க் இருக்கு. கறுப்புக் கட்டம் போட்டா பதிவுலயே வராது' என்றான். படித்துறையின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் விழுந்தது. மதகின் மேல் இன்னொன்று. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினோம், 'நாளைக்கு எடுத்துர மாட்டீங்கன்னு என்னா நிச்சயம்?' என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் பெட்டியின் பாஸ்வேர்டு இரண்டு பாதியாயிற்று. பாதி அலுவலகத்தில், பாதி மகளிர் குழுவிடம். செட்டிங்கை மாற்ற இருவரும் வர வேண்டும். யார் எப்போது எந்தப் பதிவைப் பார்த்தார் என்று எழுத ஒரு நோட்டு. செல்போனில் பார்க்கும் வசதி எல்லோருக்கும் நிறுத்தப்பட்டது. தலைவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மூன்றாவது திரையை கோபுர வாசலில், தெருவைப் பார்த்து மாட்டினோம். கும்பிட வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது அதைப் பார்க்கிறார்கள், தங்களையும் பார்க்கிறார்கள். தெற்கு மதில் காமிராவைக் கழற்றி அலுவலக அறைக்குள் வைத்தோம். பெட்டியும் நாற்காலியும் அதில் உட்காருகிறவரும் ஆறாவது கட்டத்தில் தெரிவார்கள். மெய்க்காவல் பெரியவர் தன் அறையிலிருந்த திரையை வேண்டாமென்றார். அதற்குப் பதில் உற்சவர் அறையில் அசைவு வந்தால் அடிக்கிற மணியை மட்டும் அவர் கட்டிலருகே வைத்திருக்கிறோம். இரவில் மூன்று தரம் சுற்றுகிறார்.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கோபுர வாசல் திரையில் முதல் கட்டம் உற்சவர் அறை. வெறும் பீடம் தெரிகிறது, காலையில் குருக்கள் வைக்கிற பூ சாயங்காலம் வரை அங்கேயே இருக்கிறது. ஒன்பதாவது கட்டத்துக்குக் காமிரா கிடையாது.